தெங்கெனெங்கே சிற்பக் கிராமம்: பெர்னார்ட் மாத்தெமேரா வாழ்ந்த இடத்தில் ஒரு சிலை வாங்குவது

ஜிம்பாப்வேயில் கற்சிற்பம் வாங்க நினைப்பவருக்கு ஹராரே நகருக்குள்ளேயே வேண்டிய அளவு இடங்கள் இருக்கின்றன. ஆனாலும், தலைநகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் பயணம் செய்து, ம்வுர்வியைக் கடந்து, குருவே மாவட்டத்தின் மண்பாதையில் குலுங்கியபடி தெங்கெனெங்கே வரை போய் வாங்குவதுதான் சிறந்தது என்பது என் முடிவு. மண்ணிலிருந்து கல் எடுக்கும் மலைச்சரிவு, அதைச் செதுக்குபவர் அமர்ந்திருக்கும் மரத்தடி, முடிந்த சிலை விற்பனைக்கு நிற்கும் வெளி ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தொலைவில் இருக்கும் இடம் அது. இன்னொரு காரணமும் உண்டு. ஜிம்பாப்வே சிற்பத்தின் முதல் தலைமுறையைச் சேர்ந்த பெர்னார்ட் மாத்தெமேரா, உலகின் பல நாடுகளில் தம் சிலைகள் காட்சிக்கு வைக்கப்பட்ட பின்னும், 2002ஆம் ஆண்டு இறக்கும்வரை இந்த இடத்தையே தம் பட்டறையாகக் கொண்டிருந்தார். அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு உள்ளே நுழைந்தால், எதை வாங்குவது, எதை விட்டுவிடுவது என்று தீர்மானிக்கும் கண் கிடைக்கிறது. ஆகவே இந்த மதிப்புரையில் விற்பனை இடத்தைவிட அந்த மனிதரைப் பற்றிய செய்திகளே அதிகமாக இருக்கும்.

தெங்கெனெங்கே ஒரு காலத்தில் புகையிலைப் பண்ணை. 1965 நவம்பரில், அன்று ரொடீஷியா என்றழைக்கப்பட்ட ஜிம்பாப்வேயின் வெள்ளையர் அரசு தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்துக்கொண்டதும் வெளிநாடுகள் பொருளாதாரத் தடை விதித்தன. புகையிலைக்குச் சந்தை இல்லாமல் போயிற்று. பண்ணை உரிமையாளரான டாம் புளோம்ஃபீல்ட், தம்மிடம் வேலை செய்தவர்களுக்கும் தமக்கும் வேறு பிழைப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, கிறிஸ்பென் சக்கன்யுக்கா என்ற சிற்பி 1966இல் அங்கே வந்தார். பண்ணையை ஒட்டிய குன்றுகளில் செதுக்குவதற்கு ஏற்ற செர்பென்டைன் கல் ஏராளமாகக் கிடப்பதைச் சுட்டிக்காட்டியவர் அவர்தான். ஜிம்பாப்வே நிலப்பரப்பை வடக்கு தெற்காக ஏறத்தாழ 550 கிலோமீட்டர் நீளத்துக்கு ஊடுருவிச் செல்லும் ‘கிரேட் டைக்’ என்ற பாறைத்தொடர், சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பூமியின் ஆழத்திலிருந்து எழுந்த தீக்குழம்பு உறைந்து உருவானது; அதன் இரும்பும் மக்னீசியமும் மிகுந்த பாறைகள் காலப்போக்கில் நீருடன் வினைபுரிந்து செர்பென்டைனாக மாறின. தெங்கெனெங்கே அந்தத் தொடரின் வடபகுதியில் இருக்கிறது.

அந்தப் பண்ணைகளின் வட்டாரத்தில் ஒப்பந்த முறையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த இளைஞர்தான் மாத்தெமேரா. 1946இல் குருவே பகுதியில் பிறந்தவர். அந்த வட்டாரத்துப் பிற சிறுவர்களைப் போலவே மாடு மேய்த்து, களிமண்ணைப் பிசைந்து உருவங்கள் செய்து, மரத்தைச் செதுக்கி வளர்ந்தவர். கலைப்பள்ளியில் அவர் காலடி வைத்ததில்லை. புளோம்ஃபீல்ட் கல்லையும் கருவிகளையும் கொடுத்து, வேலை செய்ய இடமும் கொடுத்தாரே தவிர, எப்படிச் செதுக்க வேண்டும் என்று யாருக்கும் பாடம் நடத்தவில்லை. கல் எடுக்க வந்தவர், வயலில் வேலை செய்தவர், வேலை தேடி அந்த வழியாக நடந்து வந்தவர் என்று பலரும் உளியைக் கையில் எடுத்தார்கள். அவர்களில் பலர் மலாவியிலிருந்தும் ஸாம்பியாவிலிருந்தும் அங்கோலாவிலிருந்தும் பிழைப்புக்காக வந்த குடும்பத்தினர் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுச் சந்தையில் எல்லாவற்றையும், ஜிம்பாப்வேயின் பெரும்பான்மை மக்களான ஷோனாக்களின் பெயரால், ‘ஷோனா சிற்பம்’ என்று ஒரே பெயரில் விற்கும்போது, மலாவிப் பக்கத்துச் செவா, யாவோ மக்களின் முகமூடி மரபும் கதைகளும் இந்தக் கல்லுக்குள் கலந்திருப்பது கண்ணில் படாமல் போய்விடுகிறது.

மாத்தெமேரா எடுத்துக்கொண்டவை பெரிய கற்கள். கறுப்பும் சாம்பலுமான செர்பென்டைனில் அவர் வடித்த மனிதர்கள் பருத்த உடலும் தடித்த உதடுகளும் முன்தள்ளிய மூக்கும் கொண்டவர்கள். ஐரோப்பிய அழகிலக்கணத்தின் அளவுகோல் அங்கே எதற்கும் பயன்படாது. அவருடைய உருவங்களின் கைகளிலும் கால்களிலும் பெரும்பாலும் மூன்றே விரல்கள் இருக்கும். முதன்முதலில் பார்ப்பவர்கள் இதைக் கல்லின் எல்லைக்குள் விரல்களை அடக்குவதற்காகச் செய்த சுருக்கம் என்று எண்ணக்கூடும். உண்மையில் அதன் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. குருவேக்கு வடக்கே, ஸாம்பேசிப் பள்ளத்தாக்கில் வாழும் வடோமா மக்களில் சிலர் பிறவியிலேயே இரண்டு பெருவிரல்கள் மட்டும் கொண்ட பாதங்களோடு பிறக்கிறார்கள். அவர்களைப் பற்றிய கதைகள் அந்த வட்டாரமெங்கும் வழங்குபவை. அந்தக் கதைகளோடு தம் கனவுகளையும் அவர் சேர்த்துக்கொண்டார். மனிதரும் அல்லாத, விலங்கும் அல்லாத, முன்னோரின் ஆவி உலகத்துக்கும் நம் உலகத்துக்கும் இடையில் நிற்கும் ஒரு தனி இனத்தையே அவர் கல்லில் படைத்தார் என்று சொல்லலாம்.

ஷோனா மக்களின் நம்பிக்கையில் இறந்த முன்னோர்கள் எங்கோ போய்விடுவதில்லை. வட்ஸிமு எனப்படும் அந்த ஆவிகள் குடும்பத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கின்றன. ஆவிகளுக்கு வாயிலாக இருக்கும் ஒருவரின் உடலில் இறங்கி, அவர் வாய் வழியாகப் பேசுகின்றன. ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு குலக்குறி உண்டு. பெரும்பாலும் அது ஒரு விலங்கு, அதன் இறைச்சியை அந்தக் குலத்தார் உண்ணமாட்டார்கள். இந்தப் பின்னணி தெரிந்தால்தான், மாத்தெமேராவின் புகழ்பெற்ற படைப்பில் ஒரு மனிதன் காண்டாமிருகமாக மாறிக்கொண்டிருப்பது வெறும் விசித்திரக் கற்பனையாகத் தோன்றாது. மாறுதல் என்பது அவருக்கு அச்சமூட்டும் செய்தி அல்ல. உறவின் ஒரு வகை. அந்தச் சிலைகளில் உள்ள கனமான அமைதி இந்த நம்பிக்கையிலிருந்துதான் வருகிறது என்று நான் நினைக்கிறேன். அவை யாரையும் பயமுறுத்தவும் இல்லை, சிரிக்கவைக்கவும் இல்லை. வந்து நிற்கின்றன, அவ்வளவுதான்.

அவருடன் அதே மரங்களின் கீழ் வேலை செய்தவர்கள் முற்றிலும் வேறு வழிகளில் போனார்கள் என்பதே தெங்கெனெங்கேயின் பெரிய சிறப்பு. ஹென்றி முன்யராட்ஸி 1967இல் இங்கே வந்து சேர்ந்தார். மாடு மேய்த்தல், கொல்லுவேலை, தச்சு, புகையிலை தரம் பிரித்தல் என்று பல வேலைகளைச் செய்த பிறகு, முப்பத்தைந்து வயதைக் கடந்த நிலையில் உளியை எடுத்தவர் அவர். கல்லின் இயற்கையான வடிவத்தை ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டு, இரண்டு வட்டக் கண்களையும் ஒரு நேர்க்கோட்டு மூக்கையும் மட்டும் கீறி முகமாக்கிவிடுவார். ஸாம்பியாவிலிருந்து வந்த ஃபனிஸானி அகுடா, கீறல் போன்ற கண்களும் சீழ்க்கையடிக்கக் குவிந்த வாயும் கொண்ட, மகிழ்ச்சி ததும்பும் குடும்பங்களை வடித்தார். கற்சில்லு கண்ணில் தெறித்துவிடுமோ என்று தொடக்கத்தில் அவர் அஞ்சினார் என்றும், அந்த இடுங்கிய கண்கள் அதனால் வந்தவை என்றும் சொல்வார்கள். மூவரும் ஒரே கல்லை, ஒரே கருவிகளால், ஒரே காலத்தில் செதுக்கியவர்கள். மூவரின் சிலைகளையும் அருகருகே வைத்தால், எது யாருடையது என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும்.

விற்பனை இடமாகத் தெங்கெனெங்கேயை எடைபோட நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் இதுதான்: செய்தவரின் பெயரைக் கேட்காமலேயே அவரை அடையாளம் காணச் சிலை இடம்கொடுக்கிறதா?

இங்கே கட்டடத்துக்குள் அடங்கிய கூடம் ஒன்றைத் தேடிப் பயனில்லை. மரங்களுக்கிடையே, புல்வெளியில், சரிவில், ஒவ்வொரு சிற்பிக்கும் தனித்தனி இடம். அங்கே அவருடைய சிலைகள் மரக்கட்டைகள்மேலும் கற்கள்மேலும் வரிசையாக நிற்கின்றன. எண்ணிக்கை மலைக்க வைக்கும். கைக்குள் அடங்கும் தலை உருவம் முதல், தூக்குவதற்குப் பாரந்தூக்கி தேவைப்படும் ஆளுயரச் சிலை வரை இருக்கின்றன. முதலில் எதையும் வாங்கும் எண்ணமில்லாமல் முழு இடத்தையும் ஒருமுறை சுற்றிவருவது நல்லது. ஏனென்றால் முதல் அரை மணி நேரத்தில் எல்லாமே அருமையாகத் தெரியும், அதன் பிறகுதான் கண் தெளியும். முதல் தலைமுறையினரின் வேலையைப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டு அந்தச் சுற்றைத் தொடங்கினால் இன்னும் பயன்படும். 2007இல் புளோம்ஃபீல்டிடமிருந்து இந்தக் கிராமத்தின் பொறுப்பை ஏற்றவர் டொமினிக் பென்ஹூரா. அவரே விளையாடும் குழந்தைகளைக் கல்லில் அந்தரத்தில் பறக்கவிடும் தேர்ந்த சிற்பி. சிற்பிகளின் இடம் ஒரு சிற்பியின் கைக்கே போய்ச் சேர்ந்தது மிகவும் பொருத்தமானது.

உளியோசை காலையிலிருந்தே கேட்கத் தொடங்கிவிடும். வேலை நடக்கும் இடத்துக்குப் போய்ப் பார்க்கத் தடை இல்லை. வாங்குபவர் இதைத் தவறவிடக் கூடாது. கனமான சுத்தியலாலும் கூர் உளியாலும் கல்லின் புறத்தோல் உடைக்கப்பட்டு உருவம் பிடிபட்ட பிறகு, பல்லுளி, அரம் என்று கருவிகள் மென்மையாகிக்கொண்டே வரும். பின்னர் தண்ணீரில் நனைத்த உப்புத்தாள், சொரசொரப்பானதில் தொடங்கி மிக மென்மையானதுவரை படிப்படியாக மாறும். இந்தத் தேய்க்கும் வேலைக்குச் செதுக்குவதற்கு ஆகும் அளவு நேரம், சில சமயம் அதைவிடக் கூடுதலான நேரமும் பிடிக்கும். பெரும்பாலும் குடும்பத்தாரோ பயிலும் இளைஞர்களோ கைகொடுப்பார்கள். கடைசியில் சிலையைச் சுற்றித் தீமூட்டிக் கல்லைச் சூடேற்றி, சூடு இருக்கும்போதே மெழுகு பூசுகிறார்கள். சாம்பல் பூத்ததுபோல் இருந்த கல், மெழுகு உருகி உள்ளே இறங்கியவுடன் கறுப்பாகவோ ஆழ்ந்த பச்சையாகவோ மாறுவதை நேரில் பார்ப்பதற்காகவே ஒரு நாள் தங்கலாம்.

கல்லின் வகையைப் பொறுத்து விலையும் உழைப்பும் மாறும் என்பதால் அதையும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். கல்சட்டி செய்யப் பயன்படும் மாக்கல் மிக மென்மையானது. நகத்தால் கீறினால்கூடத் தடம் விழும். 1950களின் இறுதியில் கிழக்கு ஜிம்பாப்வேயின் நியாங்காவில் வேளாண் அலுவலராக இருந்த ஜோராம் மரிகா தம் முதல் உருவங்களை இத்தகைய மென்கல்லில்தான் செதுக்கினார். ஹராரேயின் தேசியக் கலைக்கூடத்துக்கு முதல் இயக்குநராக வந்த ஃபிராங்க் மெக்கியூனின் கவனம் கற்சிற்பத்தின் பக்கம் திரும்பியதில் மரிகாவுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று தேர்ந்த சிற்பிகள் அந்த மென்கல்லை அவ்வளவாக நாடுவதில்லை. செர்பென்டைன் பச்சை, பழுப்பு, கறுப்பு, மஞ்சள் கலந்த பல நிறங்களில் கிடைக்கிறது. அதிலேயே கடினமானதும் மிகக் கறுப்பானதுமான வகையை ‘ஸ்பிரிங்ஸ்டோன்’ என்கிறார்கள். இரும்பு மிகுந்த அதன் வெளித்தோல் துருநிறத்தில் இருக்கும். கைதேர்ந்தவர்கள் அந்தத் துருநிறத் தோலை முழுவதும் நீக்காமல் தலைமுடியாகவோ ஆடையாகவோ விட்டுவைப்பார்கள். 2009இல் இறந்த கொலீன் மடமோம்பே, பருத்த உடல்வாகுடைய தம் பெண்களின் பாவாடை மடிப்புகளை இப்படித்தான் உயிர்பெறச் செய்தார். வெளிர் ஊதா நிறத்தில் மினுமினுக்கும் லெபிடோலைட் கண்ணைக் கவரும். ஆனால் அடுக்கடுக்காகப் பெயரக்கூடியது என்பதால், நீட்டிக்கொண்டிருக்கும் கையோ கொம்போ உள்ள உருவத்தை அந்தக் கல்லில் வாங்க நான் பரிந்துரைக்கமாட்டேன்.

வாங்குவதற்கு முன் சிலையைத் திருப்பி அதன் பின்பக்கத்தையும் அடியையும் பாருங்கள். முன்பக்கம் பளபளத்து, பின்பக்கத்தில் அரத்தின் கீறல்கள் அப்படியே இருந்தால், அது அவசரத்தில் முடிந்த வேலை. சிற்பி வேண்டுமென்றே சொரசொரப்பாக விட்ட பகுதிக்கும், நேரமில்லாமல் விட்ட பகுதிக்கும் உள்ள வேறுபாடு சற்று நேரம் பார்த்தாலே பிடிபட்டுவிடும். தண்ணீர் தெளித்துப் பார்த்தால் மயிரிழை விரிசல்கள் கோடாகத் தெரியும். கல்லுக்குள் இயல்பாக ஓடும் நிறக்கோடு வேறு, விரிசல் வேறு. ஐயம் இருந்தால் சிற்பியிடமே கேட்கலாம். கல்லைப் பற்றிக் கேட்டால் அவர்கள் ஆர்வத்தோடு விளக்குகிறார்கள்.

சிலையின் கதையைக் கேட்பதில் மட்டும் சற்றுப் பொறுமை வேண்டும். முதலில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ‘தாயும் சேயும்’, ‘காதலர்கள்’, ‘குடும்பம்’ என்பதாக இருக்கும். வந்து போகும் பயணிகளுக்கு அது போதும் என்று அவர்கள் பழகியிருக்கிறார்கள். உடன் அமர்ந்து, அவர்களுடைய ஊர், குலக்குறி, யாரிடம் வேலை பழகினார்கள் என்றெல்லாம் பேசினால் பதில் மாறும். நான் வாங்கிய சிலையைச் செய்த இளைஞர், அது நீரில் வாழும் ஞூஸூ என்னும் ஆவி என்றார். அது ஆளைக் குளத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். வீட்டார் அழுதால் அவர் திரும்பிவர மாட்டார், அழாமல் காத்திருந்தால் மருத்துவம் கற்றவராகத் திரும்பிவருவார். தம் பாட்டியிடம் கேட்ட கதை என்று சொல்லியபடியே, தண்ணீரின் மேற்பரப்பு எந்த இடத்தில் இருப்பதாகத் தாம் எண்ணிச் செதுக்கினார் என்பதைக் கல்லின்மேல் விரலால் கோடிட்டுக் காட்டினார். மெருகேற்றிய பகுதி நீருக்குள் இருப்பது, சொரசொரப்பான பகுதி நீருக்கு மேல் இருப்பது. அவர் அதைச் சொல்லியிராவிட்டால் எனக்கு அது வெறும் நேர்த்தியான தலைச்சிலையாகவே இருந்திருக்கும். இத்தகைய உரையாடலை எந்த நகரத்துக் காட்சிக்கூடமும் தர முடியாது.

எல்லாச் சிலைகளும் இந்தத் தரத்தில் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை விற்றுப்போன வடிவத்தை மீண்டும் மீண்டும் செய்யும் பழக்கம் ஜிம்பாப்வேயின் கற்சிற்பத் தொழிலையே வருத்துகிறது. அந்தத் தவற்றைச் சிற்பிகளின் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமாகாது. 2000த்துக்குப் பின் நாட்டின் பொருளாதாரம் நொறுங்கி, வெளிநாட்டவர் வருகை குறைந்த ஆண்டுகளில், அடுத்த வேளை உணவுக்காகச் செதுக்கியவர்களிடம் புதுமையை எதிர்பார்க்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் வாங்குபவருக்குத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உண்டு. சாலையோரச் சந்தைகளில் முன்யராட்ஸியின் வட்டக் கண் முகத்தைப் போல் செய்து அடுக்கிவைத்திருப்பதைப் பார்க்கும்போது, அந்த எளிமைக்குப் பின்னால் இருந்த துணிவு அதில் இல்லை என்பது தெரிந்துவிடுகிறது. எவ்வளவு குறைவாகத் தொட வேண்டும் என்பதை அவர் ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியாக முடிவுசெய்தார். நகலெடுப்பவர் அந்த முடிவைக் கடன்வாங்கிவிடுகிறார். பெயர் தெரியாத ஓர் இளைஞர் தம் பாட்டியின் கதையிலிருந்து தட்டுத்தடுமாறிச் செய்த உருவம், பெரியவர்களின் பாணியைப் பிழையில்லாமல் திருப்பிச் செய்த உருவத்தைவிட எனக்கு மதிப்புள்ளது. மாத்தெமேராவும் அப்படித்தானே தொடங்கினார்.

விலையைச் சிற்பியிடம் நேரில் பேசிக்கொள்ளலாம். அமெரிக்க டாலர் நோட்டுகளைச் சிறு மதிப்புகளில் கையில் வைத்திருப்பது நல்லது. பேரம் பேசுவது அங்கே இழுக்கல்ல. ஆனாலும், ஒரு சிலைக்குப் பின்னால் கல்லைத் தோண்டி எடுத்த உழைப்பும், வாரக்கணக்கில் தேய்த்த கைகளும் இருப்பதை நேரில் பார்த்துவிட்டுப் பாதி விலைக்குக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. கேட்ட விலை நியாயமாகவும் இருந்தது. செர்பென்டைனைச் செதுக்கும்போதும் உலர்நிலையில் தேய்க்கும்போதும் எழும் தூசு நுரையீரலுக்கு நல்லதல்ல. சில வகைக் கற்களில் கல்நார் இழைகளும் கலந்திருக்கும். சிற்பிகளுக்கு ஏதேனும் கொண்டுபோக விரும்புபவர்கள் தரமான முகக்கவசங்களையும் நல்ல உப்புத்தாள்களையும் கொண்டுபோகலாம். இனிப்புகளைவிட அவை பயன்படும்.

எடையை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஒரு கன அடி செர்பென்டைன் 70 கிலோவைத் தாண்டும். ஒரு சாண் உயரத் தலைச்சிலையே ஆறேழு கிலோ வந்துவிடும். விமானத்தில் உடன் கொண்டுவர அதுவே எல்லை. அதைவிடப் பெரியதை ஹராரேயிலிருந்து மரப்பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்ப வேண்டும்; அந்தச் செலவு சில சமயம் சிலையின் விலையை எட்டிவிடும் என்பதால், அனுப்பும் நிறுவனத்திடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கிய பின்னரே பெரிய சிலையைத் தேர்ந்தெடுங்கள். சிற்பியின் பெயர், கல்லின் வகை, சிலையின் தலைப்பு, கொடுத்த விலை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சிற்பியிடமே கையொப்பம் வாங்கிக்கொண்டால் சுங்கத்துறைக்கும் உதவும், பிற்காலத்தில் சிலையின் வரலாற்றுக்கும் உதவும்.

போவதற்கு ஏற்ற காலம் மே முதல் செப்டம்பர் வரை. நவம்பரிலிருந்து மார்ச் வரை மழை. மண்பாதை சேறாகிச் சிறிய கார்கள் சிக்கிக்கொள்ளும். ஹராரேயிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டால் மாலைக்குள் திரும்பிவிடலாம் என்றாலும், ஓர் இரவு தங்குவதற்கு வழி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது, ஏனென்றால் மாலை வெயில் சாய்ந்து விழும்போதுதான் கறுப்புக் கல்லில் உளி விட்டுப்போன ஒவ்வொரு மேடும் பள்ளமும் தெளிவாகத் தெரிகிறது. வீட்டுக்குக் கொண்டுவந்த பின் சிலைக்குச் சோப்பு போடாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, ஆண்டுக்கு ஒரு முறை நிறமற்ற மெழுகை மெல்லப் பூசி, மென்மையான துணியால் தேய்த்தால் போதும்.